மேலே யாரும் இல்லாத புலி

“மாமா, யானைக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?”

கேட்டவள் செல்லாயி. ஆறு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்ததால் கேள்வியில் பாதி காற்றாகத்தான் வெளியே வந்தது. கேட்கப்பட்டவர் பிச்சைமுத்து. ஈப்போவில் தையல்கடைக்கும் சீனர் காப்பிக்கடைக்கும் நடுவே, அஞ்சடி நடைபாதையில் பலகைகளைச் சாய்த்து வைத்துக்கொண்டு பெயர்ப்பலகை எழுதிப் பிழைப்பவர். கடைகளுக்கு எழுதுவார், லோரிக் கதவுகளுக்கு எழுதுவார், கோயில் சுவர்களில் சாமிப் படம் தீட்டுவார். ஐம்பதை நெருங்கும் வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், “பெயிண்டு காயறதுக்குள்ள வயசு போயிருச்சு” என்று சிரிப்பார்.

கோலா கங்சாருக்கு வடக்கே இருக்கும் கல்லுமலைத் தோட்டத்துக்கு அவர் வந்தது 1973ஆம் வருடம். நிர்வாகம் ரப்பர் பால்மரங்களை வெட்டித் தள்ளிவிட்டு எண்ணெய்க்கான செம்பனை நடத் தொடங்கியிருந்த நேரம் அது. பால்மரம் நின்ற காலத்தில் யானைத் தொல்லை அவ்வளவாக இல்லை. செம்பனைக் கன்றின் குருத்து இனிப்பு. ஆற்றுக்கு அப்பால் இருந்த காட்டிலிருந்து ஒரு பெண் யானை, குட்டியையும் கூட்டிக்கொண்டு, அந்த இனிப்பைத் தேடி வர ஆரம்பித்தது. அதன் பின்னங்கால் ஒன்று இழுத்து இழுத்து நடக்கும். எப்போதோ எவனோ வைத்த கம்பிச் சுருக்கில் மாட்டிய கால்.

பொழுது சாய்ந்த பிறகு யானை என்ற சொல்லைச் சொல்லக்கூடாது என்பது தோட்டத்து வழக்கம். பேரைச் சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடுமாம். அதனால் பெண்கள் அதற்குப் பெரியம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். “நேத்து பெரியம்மா வந்துட்டுப் போயிருக்காக. ஒரு நெரை கன்னு மிச்சமில்ல” என்று, ஊரிலிருந்து உறவுக்காரி வந்து சோற்றுப்பானையைக் காலி செய்துவிட்டுப் போனதைப்போலத்தான் பேசிக்கொள்வார்கள். கோபம் இருந்தது. ஆனால் அது உறவுக்காரி மேல் வருகிற கோபம்.

நிர்வாகம் பிச்சைமுத்துவை வரவழைத்தது எச்சரிக்கைப் பலகைகள் எழுத. ‘யானை வரும் வழி. மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் வரக்கூடாது.’ மலாயில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. தமிழ் வரியைத்தான் செல்லாயி எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

“யா...ரும் வரக்... கூடாது. யாரும்னா யானையுந்தான மாமா?”

“இல்லம்மா. இது நமக்கு எழுதுறது. யானைக்குப் படிக்கத் தெரியாது.”

“அப்ப யானைக்கு யாரு சொல்லுவா?”

பிச்சைமுத்து தூரிகையைச் சிவப்பில் தோய்த்தார்.

பலகைகளை மறுநாள் ஆள் வைத்து நட்டுக்கொள்ளலாம் என்று, கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் ராமையா சொல்லியிருந்தார். ஆனால் எழுதிய பலகை சுவரில் சாய்ந்து கிடப்பதைப் பிச்சைமுத்துவால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கடைசிப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏணியையும் இழுத்துக்கொண்டு, மாலையில் ஆற்றோரம் போனார். யானைப் பாதை அங்கே ஒரு சந்துபோல ஒடுங்கும். ஒரு பக்கம் முள்மூங்கில் புதர், மறுபக்கம் சேற்றுப் பள்ளம். மரத்தில் ஏறிப் பலகையை அறைந்தார். இறங்கும்போது ஏணி சேற்றில் வழுக்கியது. பாதையின் குறுக்கே விழுந்தவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. எழ முடியவில்லை. மணி ஆறைத் தாண்டியிருந்தது. யாரும் வரக்கூடாது என்று எழுதியவரே வந்து கிடந்தார்.

காட்டு விலங்கு வந்தால் மரம் முறியும் ஓசை கேட்கும் என்று அவர் நினைத்திருந்தார். அப்படி எதுவும் கேட்கவில்லை. ஈரமண் வாசனை வந்தது. நிமிர்ந்தால் பெரியம்மா நின்றுகொண்டிருந்தது. வயிற்றுக்கடியில் குட்டி.

முருகா என்று கூப்பிட வாயைத் திறந்தார். தும்பிக்கை நீண்டு வந்து அவர் சட்டையை முகர்ந்தது. பெயிண்டு கரைக்கும் டர்பன்டைன் நாறும் கையை முகர்ந்தது. நெற்றியில் சூடாக மூச்சுப் பட்டது. பாதை அதனுடையது. ஓர் எட்டு வைத்தால் போதும். யானை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு திரும்பி, முள்மூங்கில் புதருக்குள் நெஞ்சைக் கொடுத்து நுழைந்தது. மூங்கில் சடசடவென்று முறிந்தது. குட்டி மட்டும் நின்று, கீழே கிடக்கும் மனிதனை வேடிக்கை பார்த்தது. புதருக்குள்ளிருந்து அடிவயிற்றிலிருந்து வருகிற ஓர் உறுமல். “வாடா, அங்க என்ன பார்வை” என்று அதட்டுவதுபோல இருந்தது. குட்டி ஓடியது. சற்றுத் தள்ளி இருவரும் மறுபடி பாதையில் ஏறி, தாய் அந்தக் காலை இழுத்து இழுத்து நடக்க, தோட்டத்துக்குள் போனார்கள்.

தன் பாதையில் விழுந்து கிடந்தவனுக்கு, முள்ளைத் தான் வாங்கிக்கொண்டு, வழி விட்டுவிட்டுப் போயிருந்தது அது.

டார்ச் அடித்துத் தேடி வந்தவர்களிடம் பிச்சைமுத்து நடந்ததைச் சொன்னார். ராமையா விழுந்து விழுந்து சிரித்தார்.

“உங்க டர்பன்டைன் நாத்தம் தாங்காம ஓடிருக்கும் அண்ணே. எனக்கே தலைய சுத்துது லா.”

செல்லாயியின் தாய் முத்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் வெளிக்காட்டு வேலைக்காரி, புல்வெட்டும் கூட்டத்தில் இருப்பவள். புருஷன் லோரி விபத்தில் போய்ச் சேர்ந்து மூன்று தீபாவளி ஆகிறது. “கும்பிட்டுக்கங்கண்ணே” என்றாள். “வழி விடுறது சின்ன விசயமா? மனுசனே விடமாட்டேங்கிறான்.”

கணுக்காலுக்குக் கட்டுப் போட்ட தோட்டத்து மருந்தாள் நடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டான். பூட்டிக் கிடந்த பழைய ஆயாக்கொட்டகையைத் திறந்து அவருக்குப் பாய் போட்டுக் கொடுத்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை அது. தூளி கட்டிய கொக்கிகள் இன்னும் உத்திரத்தில் தொங்கின. முத்தம்மா வேளைக்கு ஒரு தட்டுச் சோறு கொண்டுவந்து வைப்பாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளும் யாரிடமும் கேட்கவில்லை.

அந்தக் கொட்டகைக்கு ஒருநாள் தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னதுரை சிவானந்தன் வந்தார். யாழ்ப்பாணத்து வம்சம், தைப்பிங்கில் பிறந்து வளர்ந்தவர். நல்ல மனிதர். ஆனால் கோலாலம்பூர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தால் அவருக்கு வியர்த்துவிடும்.

“பிச்சைமுத்து, நீர் சும்மாதானே இருக்கிறீர். ஒரு புலி வரைஞ்சு தரமாட்டீரோ?”

“புலியா ஐயா?”

“ஓம். உயிரோட நிக்கிற மாதிரி. கன்றுக் காட்டு ஓரத்தில நிறுத்துவம். குட்டியோட வாற யானை புலியைக் கண்டா ஒதுங்கும் எண்டு சொல்லுகினம். பார்ப்பமே.”

பிளைவுட் பலகை வந்தது. பிச்சைமுத்து உட்கார்ந்தபடியே வரைய ஆரம்பித்தார்.

வரைய வரைய ஒரு விசயம் அவருக்குப் புலப்பட்டது. இத்தனை வருடமாக அவர் வரைந்த விலங்கு ஒவ்வொன்றின்மேலும் யாராவது உட்கார்ந்திருந்தார்கள். சிங்கத்தின்மேல் துர்க்கை. மயில்மேல் முருகன். காளைமேல் சிவனும் பார்வதியும். மேலே யாரும் இல்லை என்றால் கழுத்தில் மணி, காலில் சங்கிலி. ஒரு விலங்கை அதுவாக மட்டும் அவர் ஒருநாளும் வரைந்ததில்லை. இந்தப் புலியின் முதுகு வெறுமையாக இருந்தது. கால்களில் ஒன்றுமில்லை. யாருக்கும் வாகனம் இல்லாத ஒரு மிருகம் எப்படி நிற்கும் என்று யோசித்து யோசித்து வரைந்தார். இரவில் கைவிளக்கைத் தூக்கிப் பார்த்தால் அவருக்கே சற்று உதறியது.

கண்ணைக் கடைசிவரை வரையவில்லை. கோயில் வேலையில் கைப்பழக்கம் அப்படி. முகம் முடியும், நகை முடியும், கண்ணின் கருமணி மட்டும் மிச்சம் இருக்கும். அதை வைக்கிற நாளில் தலைக்குக் குளித்து, சூடம் ஏற்றி, சாமி பேரைச் சொல்லி ஒரே தொடுப்பில் வைப்பார். அதற்குப் பேர் கண் திறப்பது. கண் திறந்த பிறகு அது படமில்லை, தெய்வம். அன்று வெள்ளிக்கிழமை. பிச்சைமுத்து வேறெதுவும் நினைக்காமல், பழக்கதோசத்தில், தவ்வித் தவ்விப் போய்க் குளித்துவிட்டு வந்து, ஒரு கட்டிச் சூடத்தைக் கொளுத்தி, “முருகா” என்று சொல்லிப் புலிக்குக் கருமணி வைத்தார்.

சோற்றுத் தட்டோடு வாசலில் நின்ற முத்தம்மா அதைப் பார்த்தாள்.

“கண்ணத் தெறந்துட்டீங்களாண்ணே?”

“ஆமா தங்கச்சி” என்றார் அவர், தூரிகையைத் துடைத்துக்கொண்டே.

முத்தம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். புலியைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள்.

“மேல யாரையும் காணோமே?”

“யாரும் இல்ல. புலி மட்டுந்தான்.”

“இருப்பாக” என்றாள் முத்தம்மா மெதுவாக. “நமக்குத் தெரியல.”

புலியைக் கன்றுக் காட்டு ஓரத்தில் நிறுத்தினார்கள். முதல் வாரம் அது பயமுறுத்தியது ராமையாவின் நாயை மட்டும்தான். பெரியம்மா வந்தது, புலியைப் பார்த்தது, அதன் விளிம்பில் முதுகைத் தேய்த்துச் சொறிந்துகொண்டது, ஒரு நெரை குருத்தைத் தின்றுவிட்டுப் போனது. காலடித் தடத்தையும் பலகையில் ஒட்டிய சேற்றையும் வைத்து ராமையா இதையெல்லாம் நடித்தே காட்டினார். முதுகு சொறிந்ததை இரண்டு தடவை.

அடுத்த வெள்ளிக்கிழமை சிவானந்தன் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தபோது புலியின் நெற்றியில் குங்குமம் இருந்தது. கழுத்தில் செவ்வரளி மாலை. காலடியில் எலுமிச்சம்பழம், தேங்காய், வாழையிலையில் பொங்கல், இரண்டு சீப்பு வாழைப்பழம், தோகை சீவாத கரும்பு.

“இதென்ன?”

பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். ராமையா தொண்டையைச் செருமினார். “பூசைங்கய்யா.”

“புலிக்கு வாழைப்பழமோ?”

“புலிக்கில்லைங்கய்யா. மேல இருக்கிறவுகளுக்கு.”

“மேல ஒருத்தரும் இல்லையே.”

“அதாங்கய்யா விசயமே” என்றாள் முத்தம்மா.

சிவானந்தன் பிச்சைமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். பிச்சைமுத்து தரையைப் பார்த்தார். தான் சொன்ன ஓர் ‘ஆமா’ இத்தனை தூரம் நடக்கும் என்று அவர் எண்ணியிருக்கவில்லை. அன்றே விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண்கள் முகத்தைப் பார்த்தபோது மனம் வரவில்லை. கூலி வேலைக்குப் போகும் வழியில் அவர்களுக்கென்று ஒரு தெய்வம் வந்து நின்றிருந்தது. கோயில் தர்மகர்த்தாவிடம் கேட்காமல் கும்பிடக்கூடிய தெய்வம்.

பெரியம்மாவுக்கும் அது பிடித்துப்போயிற்று. யானையை விரட்ட வைத்த புலி, யானைக்கு இலை போட்டுப் பந்தி வைக்கிற புலியாகிவிட்டது. வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்தது அடிக்கடி வந்தது. பழத்தைத் தின்றுவிட்டு, வந்ததே வந்தோம் என்று கன்றுகளையும் ஒரு கை பார்த்தது. “பெரியம்மாவும் புலிசாமியும் சிநேகிதம்” என்றாள் செல்லாயி.

கோலாலம்பூரிலிருந்து தொலைபேசி வந்தது. சிவானந்தனுக்கு வியர்த்தது.

இரண்டு நாளில் கோலா கங்சாரிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்தார். தோளில் நீளத் துப்பாக்கி. யானை சுட்டுப் பழகிய ஆள் என்றார்கள். இடத்தைச் சுற்றிப் பார்த்தவர், படையல் கிடந்த இலையைப் பூட்ஸ் காலால் புரட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

“நல்லதாப் போச்சு. சாப்பாடு வைக்கிறத நிறுத்தாதீங்க. வெள்ளிக்கிழம நெறையா வைப்பாங்களா? அப்ப வெள்ளிக்கிழம பொழுது சாய வாரேன். அந்த மரத்துல பரண் கட்டி வைங்க. தலைய குனிஞ்சு திங்கிறப்ப ஒரே வெடி.”

“குட்டி இருக்கே” என்றார் பிச்சைமுத்து.

“குட்டிய புடிச்சிறலாம். சர்க்கஸ்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

பிச்சைமுத்துவின் கால் ஓரளவு தேறியிருந்தது. தோட்டத்துக் காட்டுப் பிரிவுகளுக்கு எண் எழுதும் வேலை கொஞ்சம் மிச்சம் இருந்ததால் தங்கியிருந்தார். தனக்கு வழி விட்ட உயிர் தலை குனிந்து தின்னப்போகும் இலைக்கு முன்னால், தான் வரைந்த புலி நிற்கும். தான் திறந்த கண் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். பெரியம்மாவைச் சாவுக்குக் கூப்பிட்டது வேறு யாருமில்லை, அவர் கைதான்.

சிவானந்தனைத் தேடிப் போனார். அலுவலக வாசலில் நின்றபடியே சொன்னார்.

“ஐயா, அது எனக்கு வழி விட்டுச்சு.”

“தெரியும், பிச்சைமுத்து.” சிவானந்தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். “எனக்கு மட்டும் விருப்பமோ? அது தானா வராமல் விட்டால் நான் ஏன் சுடப்போறன்? இந்தக் கிழமைக்கு மேல எனக்குத் தவணை இல்லை.”

முத்தம்மாவிடம் போனார்.

“இந்த வெள்ளிக்கிழம மட்டும் படையல் வேணாம் தங்கச்சி.”

“என்னண்ணே சொல்றீங்க? கண்ணத் தெறந்த சாமிய பட்டினி போடவா?” முத்தம்மாவின் கண் கலங்கியது. “பெரியம்மாவ சுடுறதுல எங்களுக்கு மட்டும் சந்தோசமா? நேத்துகூட என்கூட புல்லு வெட்டுற இருளாயி அழுவுறா. ஆனா பயமாருக்குண்ணே. புள்ளகுட்டிக்காரிங்க நாங்க. இந்த எடத்துல நிக்குற சாமிக்கு இந்த எடத்துலதான வைக்கணும்?”

பிச்சைமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, “சரித்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வியாழக்கிழமை செல்லாயி அவரிடம் வந்து ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தாள். “பெரியம்மாவுக்கு. நீங்க குடுத்துருங்க மாமா. என்னைய அம்மா விடமாட்டாக.” அவர் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடுகிற நேரத்தில் தோட்டமே அமளிதுமளிப்பட்டது. புலியைக் காணவில்லை. நின்ற இடத்தில் இரண்டு குழி மட்டும் இருந்தது. மாலை இருந்த இடத்தில் நாலு அரளிப்பூ.

முத்தம்மா வரக்காப்பி எடுத்துக்கொண்டு ஆயாக்கொட்டகைக்கு வந்தாள். பிச்சைமுத்து படியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சிலுவார் கால்சட்டை இடுப்புவரை சேறாகியிருந்தது. முழங்காலுக்குக் கீழே அட்டை கடித்த இடத்தில் ரத்தம் கோடாக இறங்கியிருந்தது. தோளில் பலகை அழுந்திய தடம்.

முத்தம்மா அவரைப் பார்த்தாள். சேற்றைப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள். காப்பியை அவர் கையில் கொடுத்தாள்.

“ஆத்துல குளிச்சீங்களாண்ணே?”

“ஆமா.”

“சட்டையோடயா?”

முத்தம்மா வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்துவிட்டு, ஒரு பழந்துணியையும் வைத்தாள். பிறகு முடியை அள்ளிச் செருகிக்கொண்டு லயத்து வீடுகள் பக்கம் ஓடினாள். அவள் குரல் மூன்று லயத்துக்கும் கேட்டது.

“அடியே, நான் பாத்தேன்டி! சாமி ஆத்தத் தாண்டிருச்சுடி! அந்தாப் பாருங்க, அக்கரையில நிக்கிது!”

நின்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், காடு தொடங்குகிற மேட்டில், சந்தனம்போல மஞ்சளாக வெயிலில் மின்னிக்கொண்டு, முகத்தைத் தோட்டத்துப் பக்கம் திருப்பி நின்றது.

“சாமிக்கு இங்க எடம் புடிக்கல” என்றாள் இருளாயி.

“துப்பாக்கிய பாத்து கோவம்” என்றாள் இன்னொருத்தி.

“கிலா லா! பைத்தியமா, பலகை எப்படி நீந்தும்?” என்றார் ராமையா. ஆனால் அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படையல் கூடையைத் தலையில் தூக்கி, பெண்களுக்கு முன்னால் ஆற்றில் இறங்கினார்.

அன்று மாலை துப்பாக்கிக்காரர் பரணில் ஏறினார். கீழே வெறும் குழி. கொசு மட்டும் தவறாமல் வந்தது. மறுநாளும் ஏறினார். அக்கரையிலிருந்து கரும்பு முறியும் சத்தம் வந்ததே தவிர, யானை இக்கரைக்கு வரவில்லை. அக்கரை தோட்டத்து நிலம் இல்லை. அங்கே சுட அவருக்கு அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, முகமெல்லாம் தடித்துப்போய், ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஒரு வாரம், இரண்டு வாரம் என்று கன்றுகள் முழுசாக நின்றன. கோலாலம்பூரிலிருந்து தொலைபேசி வந்தபோது சிவானந்தனுக்கு வியர்க்கவில்லை.

பிச்சைமுத்து ஈப்போவுக்குத் திரும்புகிற நாளில் லோரிவரை வந்து வழியனுப்பியவரும் அவர்தான்.

“பிச்சைமுத்து, ஒண்டு கேக்கிறன். புலி நீந்துமோ?”

“நல்லா நீந்தும்னு கேள்விப்பட்டிருக்கேன் ஐயா.”

“ம்.” சிவானந்தன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “அக்கரையிலதான் அது நிக்கட்டும். ஆற்றோரம் ரெண்டு நெரைக்கு நான் கன்று வைக்கேல்லை. அது நடக்கிற இடம் எண்டு விட்டிட்டன். மேல கேட்டால் சேறு எண்டு சொல்லுவன்.”

அந்தப் புலி மழையில் வெளுத்தது. பிச்சைமுத்து வருடத்துக்கு ஒருமுறை வந்து வண்ணம் புதுக்கிக் கொடுத்தார். அதற்குக் கூலி வாங்கியதில்லை. எழுபத்தொன்பதில் அக்கரையில் தகரக் கூரை போட்டார்கள். அப்போது அங்கே பூசைக்கு வந்த பூசாரி, “மேல ஒரு அம்மன வரைஞ்சிருங்க அண்ணே, பாக்க நெறைவா இருக்கும்” என்று கேட்டார். பிச்சைமுத்து முதுகை வெறுமையாகவே விட்டார். சாமி எப்படி ஆற்றைத் தாண்டியது என்று எண்பதுகளிலும் அங்கே கதை சொல்வார்கள். இடுப்புக்கு மேல் வெள்ளம் என்பார்கள், இடி இடித்தது என்பார்கள். முத்தம்மாதான் மற்றவர்களைவிட அழகாகச் சொல்வாள். பிச்சைமுத்துவிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லத் தெரியாத மனிதர், சொல்லியிருப்பார்.

நடந்தது இவ்வளவுதான்.

கிழக்கு வெளுக்கும் முன் எழுந்து குளித்துவிட்டு, புலிக்கு முன்னால் சூடம் ஏற்றினார். “தாயே, இருக்கிறது நீதானா, ஒருத்தருமில்லையா, எனக்குத் தெரியல. இருந்தா இந்த எடம் வேணாம், என்னோட வா” என்று கும்பிட்டுவிட்டு, பலகை நட்டிருந்த இரண்டு கால்களையும் மண்ணிலிருந்து பெயர்த்து, அதை முதுகில் ஏற்றிக்கொண்டார். மேலே யாரும் இல்லாத புலிக்குக் கீழே ஓர் ஆள் நொண்டி நொண்டி நடந்தார். ஆற்றில் தண்ணீர் முழங்காலளவுதான். அக்கரை மேட்டில் கல்லை அண்டை கொடுத்துப் புலியை நிறுத்தினார். வாழைத்தார் ஒன்று கொண்டுபோயிருந்தார். அதை இறக்கி வைத்து, அதற்குப் பக்கத்தில் செல்லாயி கொடுத்த ஒற்றைப் பழத்தைத் தனியாக வைத்தார்.

திரும்பி ஆற்றைக் கடந்து அந்தச் சந்துக்குள் வந்தபோது ஈரமண் வாசனை வந்தது.

எதிரே பெரியம்மா. தோட்டத்தில் வயிற்றை நிரப்பிக்கொண்டு, குட்டியோடு, விடிவதற்குள் காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் முள்மூங்கில். யானை நெஞ்சு கொடுத்து முறித்த இடம் இன்னும் காயாத புண்போல இருந்தது. மறுபக்கம் சேற்றுப் பள்ளம். மரத்தில் அவர் அறைந்த பலகை, யாரும் வரக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

என்ன செய்யவேண்டும் என்பதில் பிச்சைமுத்துவுக்கு ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பாதையை விட்டுச் சேற்றுப் பள்ளத்தில் இறங்கினார். முழங்கால் போயிற்று, தொடை போயிற்று, இடுப்புவரை போயிற்று. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

யானை நெருங்கியது. நின்றது. தும்பிக்கை பள்ளத்துக்கு மேல் நீண்டு வந்து, அவர் கையைத் தேடி, விரல் விரலாக முகர்ந்தது. அதே டர்பன்டைன். ஒரு நீண்ட மூச்சு விட்டது. பிறகு தன் பாதையில், முள்ளில் ஒதுங்காமல், காலை இழுத்து இழுத்து அவரைக் கடந்து போனது. குட்டி அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடியது.

ஆற்றில் தண்ணீர் சளசளத்தது. அக்கரையில் வாழைத்தார் பிய்கிற ஓசை கேட்டது. அந்த ஓசை நிற்கும்வரை அவர் சேற்றிலேயே நின்றார்.